கீழ் வீட்டிலிருந்து மேலே

ஊரைக் கடலிடமிருந்து காப்பாற்றுகிற வேலை என்று சொல்லித்தான் ரோசரியை மாவட்ட ஆபீசில் அந்த நாற்காலியில் உட்கார வைத்தார்கள். உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, அது நாள் முழுக்கப் போன் போடுகிற வேலை. வடிகால்காரர்களைக் கூப்பிட்டால், மின்கம்பத்தை நகர்த்தட்டும், வருகிறோம் என்பார்கள். மின்சாரக்காரர்களைக் கூப்பிட்டால், தண்ணீர்க் குழாய் குறுக்கே போகிறதே, அதை முதலில் மாற்றச் சொல்லுங்கள் என்பார்கள். குழாய்க்காரர்களோ, வடிகால்காரர்கள் தோண்டிக் காட்டினால்தானே குழாய் எங்கே கிடக்கிறதென்று எங்களுக்குத் தெரியும் என்பார்கள். சுற்றிச் சுற்றிச் சுப்பன் கொல்லைதான். இதில் யாரையும் திட்டவும் முடியாது. அவரவர் சொல்வது அவரவர் வரையில் நியாயம். அந்த நியாயங்களைக் கேட்டுக் கேட்டுத்தான் அவளுக்கு அலுத்துப் போயிருந்தது.

கோலா சிலாங்கூரில் மழையும் பழைய மழையாக இல்லை. ஒரு வாரம் தூறித் தூறிப் பெய்ய வேண்டியது ஒரே மத்தியானத்தில் கொட்டிவிட்டுப் போகிறது. கடலும் தன் பங்குக்கு ஏறி வருகிறது. ஆயர் பாசாங் என்று எல்லா இனத்தாரும் சொல்கிற அந்தக் கடலேற்றம் வந்தால் ஆற்றோரத்துத் தண்ணீர்க் கதவை இறக்கியாக வேண்டும். இறக்காவிட்டால் கடல் உள்ளே வரும். இறக்கிய நேரம் பார்த்து மழை பிடித்தால், உள்ளே பெய்தது உள்ளேயே நிற்கும். நிற்கிற தண்ணீருக்கு முதலில் கண்ணில் படுவது செம்பனைத் தோட்டத்தை ஒட்டியிருக்கிற குடியிருப்பு, அவர்கள் பேச்சில் தாமான். ரோசரியின் வீடு இருக்கிற தாமானும் அதுதான்.

தோட்டத்துத் தொழிலாளர் லயங்களை மூடியபோது அங்கிருந்த சனங்களுக்குக் கிடைத்த வீடுகள் அவை. ஒரே வரிசை, பொதுச்சுவர், முன்னால் ஒரு கார் நிற்கிற இடம். பின்னால் வரிசை நீளத்துக்கும் ஒரு வடிகால். அதை லோங்காங் என்பார்கள், தோட்டத்துப் பெரியவர்கள் காண் என்பார்கள். எப்படிச் சொன்னாலும் இப்போது அது கண்ணுக்குத் தெரியாது. ஒவ்வொரு வீடும் பின்னால் இழுத்துக் கட்டி, காணின் மேல் சிமெண்டுப் பலகை போட்டு, அந்தப் பலகையின் மேல் சமையல்கட்டை வைத்திருந்தது. சாதத்தை வடித்த கஞ்சியும் மீன் கழுவிய தண்ணீரும் பலகையில் உள்ள ஓட்டை வழியாக இருட்டுக்குள் போகும். போகிறதா, நிற்கிறதா என்று எட்டிப் பார்க்க வழியில்லை.

அந்தக் காணைத் திறந்து, ஆழப்படுத்தி, கோடியில் பம்பு வைப்பதுதான் திட்டம். அதற்குச் சமையல்கட்டுகள் எல்லாம் போக வேண்டும். வேலையைக் கீழிருந்துதான் தொடங்க முடியும். மேலே வெட்டிவிட்டுக் கீழே அடைத்து வைத்தால் தண்ணீர் போக இடமிருக்காது. வரிசையில் ஆகக் கீழே இருந்த வீடு ரோசரியுடையது.

இருந்தாலும் அவள் வீடு வீடாகப் போய்ப் பேசிப் பார்த்தாள், எல்லாரும் ஒரே சமயத்தில் சம்மதித்தால் நல்லது என்று. பக்கத்து வீட்டு லெட்சுமி கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள்.

"இடிப்போம் லா. யாரு வேணாம்னா? ஆனா ஆபீஸ்ல ஒக்காந்துக்கிட்டு ஊரான் வீட்டு அடுப்ப இடிக்கச் சொன்னா நல்லாவா இருக்கு? மொதல்ல ஒன் வீட்ட இடி ரோசரி. நாங்க பாக்குறோம்."

"என் வீடுதான்க்கா மொதல்ல. அதுக்கடுத்தது ஒங்களோடது. நீங்களும் சரின்னு சொல்லிட்டா மிஷின் நிக்காம போயிடும்."

"நீ மொதல்ல இடி. நான் கண்ணால பாக்கணும்."

மேல்கோடியில் சன்னாசி. எழுபது தாண்டியவர், வரிசைக்கே பஞ்சாங்கம் அவர்தான்.

"ஆடியில வீட்டுல கடப்பாரை வைக்கக் கூடாதும்மா."

"சரிங்க பெரியப்பா, ஆவணியில?"

"ஆவணியில மக வீட்டுல விசேஷம். புரட்டாசி வெரதம். ஐப்பசி தீவாளி வருது, அடுப்பு இல்லாம எப்பிடி? மார்கழி பீட மாசம், அதுல ஒண்ணும் செய்யப்படாது."

"வருசக் கடைசியில ஆபீஸ்ல கணக்க மூடிருவாங்க பெரியப்பா. அப்புறம் திட்டமே இருக்குமோ இல்லியோ."

"நீங்க வேதக்காரங்க. ஒங்களுக்கு ஆடியும் இல்ல, அட்டமியும் இல்ல. நீங்க ஆரம்பிங்க. நாங்க நல்ல நாள் பாத்து வந்து சேந்துக்குறோம்."

சன்னாசியின் பஞ்சாங்கம் ஒரு பக்கம், ஆபீசின் பஞ்சாங்கம் ஒரு பக்கம். கடலுக்கும் ஒரு பஞ்சாங்கம் இருக்கிறது, அதை யாரும் கேட்பதில்லை. ரோசரி நடந்து வீட்டுக்கு வந்தாள். கால் வலித்தது.

வீட்டில்தான் பெரிய கஷ்டம். அவள் கணவன் ஃபிரான்சிஸ் ரவாங்கில் தொழிற்சாலை வேலை, வாரத்துக்கு ஒரு முறை வருவான். போனில் கேட்டால், "நீயே பாத்துப் பேசு லா" என்று முடித்துவிட்டான். அவன் தங்கை ஷெல்லி இவர்களோடுதான் இருந்தாள். புருசன் ஜொகூருக்கு வேலைக்குப் போனவன் போனவன்தான். அவள் அழுது கொண்டிருக்கவில்லை. அந்தச் சமையல்கட்டில் மூன்று அடுப்பு போட்டு, புஞ்சாக் ஆலாமில் படிக்கிற பிள்ளைகளுக்குச் சாப்பாட்டுப் பொட்டலம் கட்டி அனுப்பினாள். விடியலில் தேங்காய்ப்பால் சோறும் நெத்திலிச் சம்பலும், மத்தியானத்துக்குக் கோழிக்கறியும் முட்டைக்கோஸ் பிரட்டலும். வேன் வந்து எடுத்துப் போகும். புருசன் இல்லாமலும் தலைநிமிர்ந்து நடக்க முடியும் என்று அவளுக்குக் காட்டியது அந்த அடுப்பு. அதை ரோசரியும் அறிந்திருந்தாள். அதனால்தான் வாய் வரவில்லை.

காலையில் பசியாறும் நேரத்தில் மெதுவாக ஆரம்பித்தாள். ஷெல்லி தோசையைத் திருப்பிப் போட்டாள்.

"ஆபீஸ்ல ஒங்களுக்கு வேற வீடே கெடைக்கலியா அண்ணி?"

"கீழ இருந்துதான் வெட்டணும் ஷெல்லி. இங்க அடைச்சு வச்சா தண்ணி எங்க போகும்?"

"தண்ணி எங்க போகும்னு எல்லாரும் கேக்கறீங்க. நான் எங்க போவேன்னு ஒருத்தரும் கேக்கல."

"ஹால்ல ஒரு பக்கம் அடுப்ப போட்டுக்கலாம். வேல முடிஞ்சதும் பக்கவாட்டுல சின்னதா..."

"ஹால்ல கறிச்சட்டிய வச்சுட்டு அப்பாவ எங்க படுக்க வைப்பீங்க? கூரைலயா?"

அப்பா என்றது ரோசரியின் மாமனார் சூசைமுத்துவை. அவர் மேசையோரம் கோப்பித் தூளை ஊதி ஒதுக்கிக் குடித்துக்கொண்டிருந்தார். தோட்டத்தில் காலமெல்லாம் காண் வெட்டியவர். இந்தச் சமையல்கட்டைத் தன் கையால் எழுப்பியவரும் அவர்தான். பேச்சு தன் பக்கம் திரும்பியதும் கோப்பியைக் கீழே வைத்தார்.

"தோட்டத்துல காண்ல ஒரு மட்ட விழுந்து கெடந்தாலும் வேல வாங்குற மண்டோர் கத்துவான். கம்பெனி காணுல்ல. இங்க வந்தா மண்டோரும் இல்ல, காணு யாரோடதுன்னும் தெரியல. அள்ளுறதுக்கு ஆளு வருவாங்க வருவாங்கன்னு எல்லாரும் பாத்துக்கிட்டே இருந்தோம். நாத்தம் தாங்கல. மூடுனா நாத்தம் வராதுன்னு ஒரு பலகைய போட்டேன். பலகைக்கு மேல சும்மா கெடக்குற எடந்தானேன்னு ஒங்கம்மா ஒரு அடுப்பு கேட்டா."

"அம்மா ஆசப்பட்டு கேட்டது இது. அத இடிக்கணுமாப்பா?"

"நான் மூடுனதப் பாத்துதான் வரிச பூரா மூடுனானுங்க. அந்த லெட்சுமி புருசன் செத்துப் போனவன், எங்கிட்ட வந்து அளவு கேட்டு எழுதிக்கிட்டுப் போனான்." கோப்பியைத் தள்ளி வைத்தார். "மேல இருக்கவன் ஊட்டுத் தண்ணியும் சேந்து நம்ம வாசல்லதான் நிக்கிது. போன வருசம் கட்டிலு மேல கால தூக்கி வச்சுக்கிட்டு ஒக்காந்திருந்தது மறந்து போச்சா? இடிக்கட்டும்மா."

தோசை கருகுகிற வாசனை வந்தது. ஷெல்லி அடுப்பை அணைத்துவிட்டுச் சட்டியைப் போட்டுத் தேய் தேய் என்று தேய்த்தாள். ரோசரி பாதித் தோசையோடு எழுந்துவிட்டாள்.

ஆவணி பிறக்குமுன்பே மிஷின் வந்தது. மண்ணள்ளும் மிஷினின் இரும்புக் கை ஒரே இழுப்பில் தகரக் கூரையைக் கழற்றியது. வரிசை வீட்டுப் பெண்கள் எல்லாம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு பார்த்தார்கள். சூசைமுத்து சன்னல் சட்டத்தை மட்டும் கழற்றி முன்பக்கம் கொண்டுபோய்ச் சாய்த்து வைத்தார். சிமெண்டுப் பலகையைப் பெயர்த்தபோது கீழே தண்ணீர் இல்லை, கட்டி கட்டியாக எண்ணெய்ப் பிசுக்கும் கறுப்புச் சேறும்தான். அதற்குள்ளிருந்து நாலைந்து கரண்டிகள் வந்தன. காணாமல் போனதென்று ஷெல்லி எத்தனை முறை கத்தியிருப்பாள். இப்போது அவள் அதைப் பார்க்கவும் வரவில்லை. ஹாலில் ஒற்றை அடுப்பை வைத்து, பாதிப் பொட்டலம்தான் போட முடியும் என்று வேன்காரனுக்குப் போனில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மிஷின் இவர்கள் வீட்டளவுக்கு வெட்டி, லெட்சுமி வீட்டுச் சுவரருகே வந்து நின்றது. குறுக்கே மின்கம்பம். ரோசரி போன் போட்டாள். அடுத்த வாரம் என்றார்கள். அடுத்த வாரமும் போட்டாள். இடிந்த இடத்தில் பிளைவுட் பலகையை நிறுத்தி, பிளாஸ்டிக் விரிப்பைக் கட்டி, மிஷினை அங்கேயே விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். மிஷின் நிற்கிற வரைக்கும் வேலை நடக்கும் என்ற நம்பிக்கை ஷெல்லிக்கு. காலையில் எழுந்ததும் அதைத்தான் எட்டிப் பார்ப்பாள்.

அந்தச் சமயத்தில்தான் சுங்கை புரோங் பக்கம் கடலைத் தடுக்கிற மண்கரையான பண்டு உடைந்தது. கதிர் பிடித்து நிற்கிற நெல் வயலுக்குள் உப்புத் தண்ணீர் ஏறுகிறது என்று காலையிலேயே ஆபீசில் போன் அலறியது. மண் போட்டு அடைக்க மிஷின் வேண்டும். எது பக்கத்தில் இருக்கிறது, எது சும்மா நிற்கிறது என்று பெரிய அதிகாரி ரோசரியைக் கேட்டார். அதைச் சொல்வதுதானே அவள் வேலை. சும்மா நின்றது ஒன்றே ஒன்றுதான், அவள் வீட்டுப் பின்பக்கம். வேறு மிஷின் இருப்பதாகச் சொல்ல அவள் மனம் ஒரு நிமிடம் ஆசைப்பட்டது, இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் உப்பு ஏறினால் அந்த மண் எத்தனை போகத்துக்கு விளையாது என்பதும் அவளுக்குத் தெரியும். தன் வீட்டுப் பின்பக்கத்தின் விலாசத்தைத் தானே சொல்லி, மிஷினை அனுப்பி வைத்தாள்.

மூன்றாம் நாள் மத்தியானம் மழை பிடித்தது. மழை என்றா சொல்வது, வானத்தைக் கிழித்துக் கொட்டியது. கடலேற்றத்துக்காகக் கதவை இறக்கியிருந்தார்கள். பம்பு இன்னும் வரவில்லை. தோட்டத்துப் பெரிய காண் நிரம்பி, வெளியே போக வழியில்லாமல் பின்வாங்கி வந்தது. முன்பானால் மூடிய பலகைக்கு அடியில் முட்டி நின்று, எல்லார் வாசலிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேங்கியிருக்கும். இப்போது வரிசையில் ஒரே ஒரு வீடுதான் அதற்கு வாசல் திறந்து வைத்திருந்தது.

ஷெல்லி ஆபீசுக்குப் போன் போடவில்லை. போட்டது லெட்சுமி.

ரோசரி மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கணுக்கால் தண்ணீரில் வந்து சேர்ந்தபோது மழை விட்டிருந்தது. பிளைவுட் பலகை ஹாலுக்குள் மிதந்தது. அரிசி மூட்டை ஊறிக் கிடந்தது. கறுத்த தண்ணீரில் வெங்காயம் சுற்றிச் சுற்றி வந்தது. சூசைமுத்து கட்டில் மேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஷெல்லி நாற்காலி மேல் நின்றபடி, காஸ் அடுப்பைக் கைக்குழந்தைபோல இடுப்பில் வைத்திருந்தாள்.

"மிஷின நீங்கதான் அனுப்புனீங்களாமே?"

யார் சொன்னார்கள் என்று ரோசரி கேட்கவில்லை. அந்த ஊரில் எது மறையும்.

"ஆமா."

"யாரோ வயலுக்கு."

"ஆமா ஷெல்லி."

ரோசரிக்குச் சொல்வதற்கு நியாயம் நிறைய இருந்தது. நாள் முழுக்க ஆபீசில் அடுத்தவர்கள் தன்னிடம் சொல்கிற அதே மாதிரி நியாயம். அதைத் தன் வாயால் தன் வீட்டில் சொல்ல வெட்கமாக இருந்தது. ஷெல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதற்குப் பிறகு அவள் ரோசரியோடு பேசவில்லை.

சுவருக்கு அந்தப் பக்கம், தன் பின்கட்டு வாசலில் லெட்சுமி நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு படி உயரமான அவள் சமையல்கட்டுத் தரை காய்ந்து கிடந்தது, ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. அதைப் பார்க்கப் பார்க்க அவளுக்கே பொறுக்கவில்லைபோல.

"ஏ ஷெல்லி, எவ்வளவு நேரம் அத தூக்கிக்கிட்டு நிப்ப? இங்க குடு லா."

"வேணாம்க்கா."

"குடுன்னா குடு. நான் சொல்லித்தான நீங்க இடிச்சீங்க. காஸ் தோம்பயும் உருட்டிக்கிட்டு வா. நாளைக்கி அந்தப் புள்ளைங்க பட்டினியா கெடக்கும்."

மறுநாளிலிருந்து ஷெல்லி லெட்சுமி வீட்டில் சமைத்தாள். ஒரு நாள் இரண்டு நாள் என்று நினைத்தது வாரக்கணக்கில் போயிற்று. லெட்சுமி தேங்காய் துருவினாள். மூன்றாவது வீட்டு மாதவி வெங்காயம் உரிக்க வந்தாள். பேச்சும் சிரிப்பும் சுவர் தாண்டிக் கேட்கும். ரோசரி ஹாலில் சேறு கழுவிக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பாள். இரவுச் சாப்பாட்டை ஷெல்லி மேசையில் மூடி வைத்துவிட்டுப் போய்ப் படுத்துவிடுவாள். சம்பலில் உறைப்பு அளவாகத்தான் இருக்கும், ரோசரிக்கு வயிற்றுக்கு ஆகாது என்று. கோபத்திலும் அதை மறக்கவில்லையே என்று நினைக்கும்போதுதான் ரோசரிக்கு அழுகை வரும்.

அப்புறம் ஒரு காலை எல்லாம் ஒரேயடியாக நடந்தது. மின்கம்பத்தை நகர்த்திவிட்டார்கள், அன்றைக்கு யாரும் போன் போடாமலே. சுங்கை புரோங்கில் பண்டு அடைபட்டது. மிஷின்காரர் போன் போட்டார், திங்கட்கிழமை வரலாமா, அடுத்த வீடு தயாரா என்று. ரோசரி போனைக் காதில் வைத்தபடி வாசலில் நின்றாள். அடுத்த வீடு லெட்சுமி வீடு. பதில் சொல்லாமல் பிறகு கூப்பிடுகிறேன் என்று வைத்துவிட்டாள்.

லெட்சுமி வீட்டுப் பின்கட்டில் கோழிக்கறி கொதித்துக்கொண்டிருந்தது. மூன்று பேரும் இருந்தார்கள். ரோசரி நிலைப்படியில் நின்றாள்.

"அக்கா, மிஷின் திங்கக்கெழம வருதாம்."

லெட்சுமியின் கை தேங்காய்த் துருவியில் நின்றது. "எங்க வீட்டுக்குத்தான?"

"ஆமாக்கா. வேணாம்னா சொல்லுங்க. நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன். போன தடவ மாதிரி பாதியில நிக்காதுன்னு என்னால சத்தியம் பண்ண முடியாது."

லெட்சுமி சுவரைப் பார்த்தாள், கூரையைப் பார்த்தாள். புருசன் சூசைமுத்துவிடம் அளவு கேட்டுக் கட்டிய சுவர். கண்ணைத் தோளில் துடைத்துக்கொண்டாள். பிறகு மாதவி பக்கம் திரும்பினாள்.

"மாதவி, ஒன் வீட்டு மேட அகலமா?"

"ரெண்டு அடுப்பு வைக்கலாம்க்கா. ஏன்?"

"திங்கக்கெழமைல இருந்து ஷெல்லி ஒன் வீட்ல சமைக்கிறா. நானும் அங்கதான் கஞ்சி வச்சுக்குவேன்."

மாதவி உரித்த வெங்காயத்தைத் தட்டில் போட்டாள். "அப்ப அடுத்த வாரம் எங்க வீட்டயும் இடிப்பீங்க."

"இடிப்போம். நீ எல்லாத்தையும் தூக்கிக்கிட்டு அடுத்த வீட்டுக்குப் போ. சன்னாசி வீடு வரைக்கும் போவோம். அடுப்போட வாசல்ல போயி நின்னா அந்தக் கெழவன் என்ன பஞ்சாங்கம் பாக்குறான்னு பாப்போம்."

ஷெல்லி கறியைக் கிளறிக்கொண்டே இருந்தாள். அடுப்பைக் குறைத்தாள். திரும்பாமலே கேட்டாள்.

"கடைசி வீடும் இடிஞ்சப்புறம் நான் எங்க போறது?"

யாரிடம் கேட்கிறாள் என்று சொல்லத் தேவையில்லை. இத்தனை நாளுக்குப் பிறகு வந்த முதல் பேச்சு.

"நம்ம பக்கவாட்டுல சின்னதா கட்டிக்கலாம் ஷெல்லி. காண விட்டுத் தள்ளி. மாமாகிட்ட பேசிட்டேன்."

"அப்ப தண்ணி வராதா?"

வராது என்று சொல்லிவிடலாம். மூன்று பேரும் அந்த ஒரு சொல்லுக்குத்தான் அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆபீசில் கூட்டத்தில் பெரியவர்கள் அப்படித்தான் சொன்னார்கள். ஆனால் கடல் எங்கே ஏறிக்கொண்டிருக்கிறது என்று ரோசரிக்குத் தெரியும்.

"வரும்," என்றாள். "கொறச்சலா வரும்."

ஷெல்லி அண்ணியின் முகத்தைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு அடுப்பை அணைத்து, கந்தல் துணி இரண்டை எடுத்து ஒன்றை அவளிடம் நீட்டினாள்.

"சட்டி கனமா இருக்கு. அந்தப் பக்கம் புடிங்க அண்ணி."